கறுப்புத் துணிக்கு வெளியே

ஜனவரி 11, ஞாயிறு

கொண்டாநகரத்துக்கு அப்பால் ஆற்றங்கரையில் நிற்கிற பெரிய மருத மரத்தை இன்று எடுத்தேன். ஒரே ஒரு ஷீட். கேமராவை ஹமீதின் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். பெட்டி, ஸ்டாண்டு, லென்ஸ், பிலிம் ஹோல்டர் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் எடை இருக்கும். ஹமீது வண்ணார்பேட்டையில் எக்ஸ்ரே லேப் நடத்துகிறான். லேப் கம்ப்யூட்டருக்கு மாறியபோது அவனிடம் மிஞ்சிப்போன பதினாலுக்குப் பதினேழு அங்குல பிலிம்தான் என் கேமராவுக்குத் தீனி. கேமராவையே அந்த அளவுக்குத்தான் தேக்கில் செய்துகொண்டேன். குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிற ஒரு இன்ஜினியருக்கு இது அதிகப்படியான பைத்தியம் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

மதியும் வந்தாள். பிளாஸ்கில் காப்பி, வாழையிலையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த மரத்தை நான் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் வெளியே ஹமீதிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "இந்தக் கேமரா வந்த புதுசுல என்னையத்தான் எடுப்பாங்கன்னு பவுடர் போட்டு உக்காந்திருந்தேன். பாத்தா பாறை, கொளம், மரம். நான் பாதில எந்திச்சுப் போயிருவேன்னு பயம் போல."

மனிதர்கள் அசைவார்கள். அதுதான் காரணம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளுக்கும் தெரியும்.

இட்லியை அவள் தொடவில்லை. கீழ்ப்பல் ஓரத்தில் புண், காரம் பட்டால் எரிகிறதாம். தீபாவளியிலிருந்தே இருக்கிறது. பல் டாக்டரிடம் போகச் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி போட்டோ கிளப்பில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு பெரிய கேமரா? ஜூலையில்தான். யோசிக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

பல் டாக்டர் பல்லைத் தொடவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். புண்ணிலிருந்து கொஞ்சம் சதை எடுத்திருக்கிறார்கள். மதி மத்தியானமே ஸ்கூலுக்குப் போய்விட்டாள், பத்தாம் வகுப்புக்கு வடிவியல் முடிக்க வேண்டுமாம்.

மருத மரம் நன்றாக வந்திருக்கிறது.

ஜனவரி 28, புதன்

ரிசல்ட் வந்தது. மதிதான் பிரித்துப் படித்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்று மதுரை. சர்ஜன் சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். ஒரு தாளில் முகம் வரைந்து, இடது கீழ்த்தாடையில் எங்கிருந்து எங்கே வரை எடுப்பார்கள் என்று கோடு போட்டுக் காட்டினார். காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் வைத்துத் தைப்பார்களாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் பிடித்துக்கொண்டால் முகம் அதிகம் மாறாது. பிடிக்காவிட்டால் எலும்பை எடுத்துவிட்டு நெஞ்சுச் சதையை வைத்து மூட வேண்டியிருக்கும். மதி ஸ்கூல் பிள்ளையைப் போல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பேச்சு எவ்வளவு திரும்பும், சாப்பாடு எப்போது, வகுப்பெடுக்க முடியுமா. நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ஜனுக்கு மூக்கு வரைய வரவில்லை.

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்து, மதி டீச்சர் வெற்றிலை போடுவார்களா, புகையிலை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது எப்படி வந்தது என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

படம் எடுக்கச் சொல்கிறாள். அந்தப் பெரிய கேமராவில். "எம் மூஞ்சி என்ன அளவோ அதே அளவுக்கு வேணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

ஹோல்டர் ஒன்றில் வெளிச்சம் கசிகிறது, ஆபரேஷன் முடிந்து வந்து எடுக்கலாம் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஹமீது காலையிலேயே வந்து, தலை அசையாமல் சாய்ந்துகொள்ள நாற்காலியின் முதுகில் ஒரு கட்டையைப் பொருத்திக் கொடுத்தான். முன்வராந்தாவில் வடக்கு வெளிச்சம், நிழலாக, மெத்தென்று இருந்தது. மதி இளம்பச்சை நூல் புடவை.

அதே அளவில் முகம் விழ வேண்டுமானால் கேமராவின் மடிப்புத் துருத்தியை முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். லென்ஸ் அவள் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மங்கல் கண்ணாடியில் தலைகீழாக அவள். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் அங்கேயும் இங்கேயும் ஒன்று. இவ்வளவு நெருக்கத்தில் போகஸ் நூலளவுதான். கண் தெளிந்தால் காது மங்கும். கண்ணையே வைத்துக்கொண்டேன்.

பிலிமைச் செருகியதும் கண்ணாடி மறைந்துவிடும். அதன் பிறகு கேமராவுக்குள் பார்க்க ஒன்றும் கிடையாது. துணியை விட்டு வெளியே வந்து, லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று, மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் மரத்துக்கும் பாறைக்கும் முன்னால் நின்றபோது இது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. இன்று மூடியோடு நின்றபோது, பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது. அவளுக்கும் அதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். முதல் ஷீட் போயிற்று.

இரண்டாவதற்கு முன்னால், கண் சிமிட்டலாமா என்று கேட்டாள். சிமிட்டலாம், இவ்வளவு நீண்ட நேரத்தில் சிமிட்டல் பிலிமில் தங்காது, நிலைத்து இருப்பதுதான் தங்கும் என்றேன். "நல்ல கேமராதான்" என்றாள்.

சாயங்காலம் பாத்ரூமில் சிவப்பு பல்பைப் போட்டுக் கழுவினேன். வந்திருக்கிறது. மேலுதட்டு ஓரத்து மச்சத்தில் ஒரு சின்ன மயிர்கூட இருக்கிறது. பிரிண்ட் போட நேரமில்லை. செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம்தான் வெளியே வந்தது. வைதேகி பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். அவள்தான் ஐ.சி.யு.வுக்குள் போய்ப் பார்த்தாள். ஒருவருக்குத்தான் அனுமதி. மகளே போகட்டும் என்று சொன்னேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எலும்புக்கு ரத்த ஓட்டம் பிடிக்கவில்லை. மறுபடி உள்ளே கொண்டுபோய் எலும்பை எடுத்துவிட்டார்கள். நெஞ்சுச் சதை.

மார்ச் 7, சனி

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். மூக்கு வழியாகக் குழாய். வேளாவேளைக்குக் கஞ்சி, முட்டை, பால், எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். சிரிஞ்சை உயரப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். அளவுக்கோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, வேகமாக இறங்கினால் புரையேறிவிடும். எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

வாயின் இடது ஓரம் மூடுவதில்லை. எச்சில் வழிந்துகொண்டே இருக்கிறது. அவளே கைக்குட்டையால் ஒற்றிக்கொள்கிறாள். ஒரு டஜன் வெள்ளைக் கைக்குட்டை வாங்கிவந்து மடித்து அவள் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வாஷ்பேசினுக்கு மேலே இருந்த முகக்கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஸ்குரூ தளர்ந்திருந்தது.

மார்ச் 9, திங்கள்

கண்ணாடி எங்கே என்று எழுதிக் காட்டினாள். ஸ்குரூ என்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே ஏறப் போனாள். வைதேகி எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

நாளை முதல் ரேடியேஷன். வைதேகி பெங்களூருக்குப் போய்விட்டாள். ஹாலில் படுத்துக்கொள்கிறேன், உள்ளறை பேனில் ஏதோ சத்தம் வருகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

மதி தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். மாடிக்குப் போய் பிப்ரவரியில் எடுத்த நெகட்டிவைப் பிரிண்ட் போட்டேன்.

இதில் பெரிதாக்குவது என்பதே கிடையாது. மருந்து பூசிய காகிதத்தின் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அழுத்தி, வெயிலில் வைத்துவிட வேண்டியதுதான். பிலிம் காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொட்ட இடத்தில் படம். பிறகு தண்ணீரில் அலசினால் மஞ்சள் கரைந்து பழுப்பு எழும்பி வரும்.

வந்துவிட்டாள். அதே அளவில், அதே தாடையோடு. தொட்டியில் தண்ணீருக்கடியில் கிடந்து என்னைப் பார்த்தாள். நான் வெகுநேரம் குந்தியிருந்திருக்கிறேன். கால் மரத்துப்போய்விட்டது.

இடது கன்னப் பக்கம் பிரஷ் தடம் விழுந்திருக்கிறது. இன்னொன்று போட வேண்டும்.

மே 3, ஞாயிறு

இரண்டு பிரிண்ட். ஒன்று கருகிவிட்டது. இன்னொன்றில் கண் சரியில்லை.

மே 9, சனி

ரேடியேஷன் முடிந்தது. கழுத்துத் தோல் கருத்து உரிகிறதாம். நர்ஸ் சொன்ன களிம்பை வாங்கிக் கொடுத்தேன், அவளே தடவிக்கொள்கிறாள். குழாயை எடுத்துவிட்டார்கள். கரைத்த கஞ்சியாக வாய் வழியாகவே குடிக்கிறாள். பேச்சு குழறுகிறது, ஆனால் எனக்குப் புரிகிறது.

ஜூன் 14, ஞாயிறு

மூன்று பிரிண்ட். காகிதம் தீர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதி கேட்டாள், மாடியில் அப்படி என்ன வேலை என்று. மருத மரம் என்றேன்.

ஜூலை 11, சனி

கல்லூரியில் பேசினேன். ஹால் நிறையப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் போன். மருத மரத்தின் பிரிண்டை எடுத்துப் போயிருந்தேன். பட்டை வெடிப்பில் இருந்த சிலந்தி வலையைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினேன். ஓ என்றார்கள்.

எதற்கு இவ்வளவு பெரிய கேமரா என்பதற்கு என்னிடமிருந்த பதில்களையெல்லாம் சொன்னேன். இருப்பது ஒரு ஷீட் என்னும்போது கண்டதையும் எடுக்க மாட்டோம். படம் தலைகீழாகத் தெரிவதால் மரம் என்கிற பெயர் மறந்து அதன் உருவம் தெரியும். பெரிதாக்காத படம் என்பதால் எதுவும் நீர்த்துப்போகாது. ஒன்றைத் தொட்ட வெளிச்சம் பிலிமைத் தொடுகிறது, அந்த பிலிம் காகிதத்தைத் தொடுகிறது, நடுவில் யாரும் இல்லை. இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். தூக்கிச் சுமப்பது கஷ்டமாக இருப்பதால் உண்மையிலேயே பார்க்க விரும்புகிறவன்தான் தூக்குவான் என்றும் சொன்னேன். அதற்கும் தட்டினார்கள்.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சார், இதுல மனுஷங்கள எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டது.

இல்லை, மனிதர்கள் அசைவார்கள் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

காகிதம் வந்துவிட்டதால் காலையிலிருந்து பிரிண்ட் போட்டேன். மருந்து விகிதம் இன்றுதான் கைக்கு வந்தது. எல்லாமே நன்றாக விழுந்தன. காய்வதற்காகத் துணிக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டுவிட்டு, கீழே வந்து குளித்துக்கொண்டிருந்தேன்.

மதி துணி துவைத்துக் காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். நான் ஈரத் தலையோடு மேலே ஓடினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தாள். கொடி முழுக்க அவள் முகம். காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரை நடந்தாள். ஒன்றையும் தொடவில்லை. பிறகு திரும்பி, கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள். குழறலாகத்தான் வந்தது, ஆனாலும் ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை.

"கொடியில எனக்கு எடமில்ல."

ஈரத்துணி வாளியோடு கீழே இறங்கிப் போனாள்.

ஆகஸ்ட் 5, புதன்

வைதேகி வந்து அழைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் மகளோடு இருந்துவிட்டு வரட்டும். பெங்களூரில் இப்போது வெயில் இல்லை, அவளுக்கும் மாற்றமாக இருக்கும். ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடி கறுப்பாக இருந்தது, உள்ளே எந்த சீட் என்று தெரியவில்லை. பொதுவாகக் கையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மாலையில் வைதேகி போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "அப்பா, அம்மா கழுத்துல கட்டி இருக்கே, நீங்க பாக்கலையா?" என்றாள்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். வலது பக்கம், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு. ரயிலில் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே வந்தாளாம். வீட்டில் தலை சீவிவிட உட்கார்ந்தபோது பளிச்சென்று தெரிந்ததாம். ஒரு மாதத்துக்கு மேலாக இருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னாராம்.

ஆபரேஷன் நடந்தது இடது பக்கம். எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்தது இடது பக்கத்தைத்தான். கழுத்தை மூடிய ரவிக்கை போடுவாள். கஞ்சி கொடுக்கும்போது டம்ளரைத்தான் கவனிக்க முடியும்.

ஒரு மாதம். மூன்று வேளையும் அவள் எதிரில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தவன் நான்தான்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பெங்களூர். மதி பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"தடவிப் பாத்தப்பவே தெரியும்" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் எச்சிலை ஒற்றிக்கொண்டு, நிதானமாக, வகுப்பில் சொல்வதைப் போல் சொன்னாள். "நீங்க எப்பப் பாக்கீங்கன்னு இருந்தேன். இன்னைக்குப் பாப்பீங்க, நாளைக்குப் பாப்பீங்கன்னு. பொறவு அதுவே ஒரு வீம்பாப் போச்சு. நான் சொல்லிருக்கணும். தப்புதான்."

அவளுடைய தப்பு என்கிறாள்.

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 27, வியாழன்

ஸ்கேன் எல்லாம் முடிந்தது. நுரையீரலிலும் இருக்கிறது. இனி அறுப்பதற்கில்லை. மருந்து கொடுக்கலாம், சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், ஆனால் படுத்தும் என்றார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மதி மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வைதேகி அழுதாள், சண்டை போட்டாள். மதி அசையவில்லை. திருநெல்வேலிக்குப் போகலாம் என்றாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். வைதேகி லீவு போட்டுக்கொண்டு கூடவே இருக்கிறாள். மாடியில் இருந்த பிரிண்டுகளை நெகட்டிவோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன். உள்ளறையில் படுத்துக்கொள்கிறேன். பேனில் சத்தம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30, புதன்

இரவில் வலிக்கு மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். பகலில் தெளிவாக இருக்கிறாள்.

இன்று மத்தியானம் கூப்பிட்டு, அந்தப் பெரிய கேமராவில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். வைதேகிக்குப் பிடிக்கவில்லை. எதற்கம்மா இந்த நிலைமையில், அவ்வளவு நேரம் அசையாமல் எப்படி உட்காருவாய், வேண்டுமானால் என் போனில் அழகாக எடுத்துத் தருகிறேன் என்றாள்.

மதி மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "போன்ல எடுத்தா உங்கப்பா போனத்தான் பாப்பாங்க."

வைதேகிக்குப் புரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு முன்னால் அரைமணி நேரம் பேசியபோது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நான் எழுந்து போய் ஹமீதுக்கு போன் செய்தேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

மேகமூட்டம். ஹமீது பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வரத் தயங்கினான். மதியே கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் மைனி என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஸ்டாண்டை முடுக்க ஆரம்பித்துவிட்டான். எல்லாம் ஆனதும், வைதேகியைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்க என்று வெளியே போனான். மதி அவனிடம் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாள் போல.

முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தேன். கழுத்தை மூடாத ரவிக்கை போட்டிருந்தாள். கட்டி இப்போது நெல்லிக்காய் அளவோடு நிற்கவில்லை.

துணிக்குள் போனேன். மங்கல் கண்ணாடியில் அவள் முகம் தலைகீழாக, அதே அளவில். போகஸைத் திருகினேன், கண் தெளிந்தது. மறுபடி கலைத்துவிட்டுத் திருகினேன். துணிக்குள் சூடாக இருந்தது, என் மூச்சு கண்ணாடியில் படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி திருகினேன்.

"போதும். வெளிய வாங்க" என்றாள்.

வந்தேன். பிலிமைச் செருகினேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இந்த எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பெல்லாம் கறுப்பாக விழும், தழும்பு கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக விழும் என்றேன். விழட்டும் என்றாள். வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் போதாததால் இருபது விநாடி. மூடியைக் கழற்றினேன். பார்த்தேன்.

கீழுதட்டு நடுவிலிருந்து தாடை வழியாகக் கழுத்துக்கு இறங்குகிற தழும்பு. அது நேர்கோடு இல்லை, உதட்டுக்குக் கீழே ஒரு சின்னப் படி இருக்கிறது. இடது கன்னம் உள்ளே போய், முகவாய் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வாயோரம் வைத்துத் தைத்த நெஞ்சுத் தோல் வேறு நிறம், கொஞ்சம் வெளுப்பு, பளபளப்பு. அவள் நெஞ்சின் நிறம் அது. எனக்குத் தெரிந்த நிறம்தான். வலது புருவத்தில் மூன்று நான்கு நரைமயிர், அவை எப்போது வந்தன என்று தெரியவில்லை. கண்கள் என் மேலேயே இருந்தன. ஒரு தடவை சிமிட்டினாள். நானும் சிமிட்டியிருப்பேன்.

எண்ணிக்கை பாதியில் விட்டுப்போயிற்று. இடது வாயோரத்தில் எச்சில் திரண்டு, கனத்து, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அவள் விரல்கள் மடியிலிருந்த கைக்குட்டையை இறுக்கிக்கொண்டன. முகத்தை அசைக்கவில்லை. எச்சில் தாடை விளிம்புக்கு வந்து நின்றது. அது முகத்தில் நகர்வதை நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூடியைப் போட்டேன்.

"இப்ப வந்து தொடைங்க" என்றாள்.

கைக்குட்டையை நீட்டவில்லை. நான் கையாலேயே துடைத்தேன். அந்தப் பக்கம் அவளுக்கு உணர்ச்சி கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையை வைத்திருப்பது தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியல" என்றாள். "ஆனா பாக்கேன்லா."

ஹமீதும் வைதேகியும் வருகிற சத்தம் கேட்டும் நான் கையை எடுக்கவில்லை.

அக்டோபர் 8, வியாழன்

வெயில் அடித்ததும் ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். சொன்னபடிதான் விழுந்திருக்கிறது. தழும்பு ஆற்றங்கரை வெடிப்புப் போல் கறுத்து ஆழமாக இருக்கிறது. எண்ணிக்கை தப்பியதால் ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் வெளுப்பு. தாடையில் எச்சில் இறங்கிய வழி, மெல்லிய ஒரு ஒளிக்கோடாக.

ஈரத்தோடு கண்ணாடிப் பலகையில் பரத்தி மதியிடம் எடுத்துப்போனேன். வைதேகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு பார்த்து, அந்தக் கோட்டை மட்டும் பிரஷ்ஷால் அடைத்துவிடலாமே அப்பா, தெரியாமல் போய்விடும் என்றாள்.

மதி படத்தை மடியில் வைத்துக்கொண்டு, படத்தில் இருந்த முகத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். பிறகு தன் முகத்தில் வைத்தாள். மறுபடி படத்தில். அளவு பார்த்தாள்.

"நாந்தான்" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

அக்டோபர் 25, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம், ஆபீசிலிருந்து இரண்டு தடவை போன். போகவில்லை.

பேச்சு முழுக்க நின்றுவிட்டது. தொண்டையில் காற்றுதான் வருகிறது. ஏதாவது வேண்டுமானால் கட்டில் பக்கத்தில் இருக்கிற எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுகிறாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் திரும்பிப் படுக்க வேண்டும் என்று வைதேகி பழக்கியிருக்கிறாள். நேற்றிலிருந்து ஒன்றும் வேண்டாமலே தட்டுகிறாள். போய் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் போதும். பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு இன்று மேலாகத்தான் ஓடுகிறது. நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, மகளை எங்கும் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வைதேகி சமையலறையில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதே சொல்லிவிடுவதுதான்

தட்டுகிறாள். போகிறேன்.